கடலில் ஆள் இருக்கும்போது கேட்ட கேள்விகள்

ஜூலை 7, திங்கள்

மேற்கிலிருந்து கச்சான் காற்று. ஜன்னல் கம்பிகளில் உப்புப் பிசுபிசுப்பு. 7.15க்கு ஆய்வகம் திறந்தேன்.

முதலில் நோட்டு யாருடையது, எதற்கு என்று எழுதிவிட வேண்டும். ஞா. எபனேசர், வயது ஐம்பது, தூத்துக்குடியில் ஒரு மருத்துவ ஆய்வகத்தின் உயிர்வேதியியல் பிரிவுப் பொறுப்பாளன். ஆய்வுப் பதிவேட்டில் அளவுகள் மட்டுமே எழுதலாம், அபிப்பிராயம் கூடாது. அது நான் போட்ட விதி. விதி போட்டதற்காக அபிப்பிராயங்கள் வராமல் இருப்பதில்லை. அவற்றை இறக்கிவைக்க இந்த நோட்டு. வேறு எவரும் படிக்கப்போவதில்லை. ஆயினும் குறுக்கங்களைச் சொல்லிவிடுவது முறை. பே. = பேச்சியம்மாள், இரத்தம் எடுப்பவள், மாப்பிள்ளையூரணிக்காரி. டாக்டர் = டாக்டர் வசந்தி, மதுரையிலிருந்து இந்த ஆய்வை நடத்துபவர்.

வேலை இது: நெடுநாள் மனஅழுத்தம் உடலை என்ன செய்கிறது என்பதை இரத்தத்திலுள்ள சில புரதங்களைக் கொண்டு அளக்க முடியுமா? மூன்று குழுக்கள். முத்தையாபுரத்தில் துறைமுக ஒப்பந்தத் தொழிலாளர். நகரத்தில் அலுவலக எழுத்தர். பெரியதாழையில் மீனவர் வீட்டுப் பெண்கள், நாற்பத்திரண்டு பேர். ஒவ்வொருவரிடமும் ஆறு வார இடைவெளியில் இருமுறை, வெறும் வயிற்றில் இரத்தம். அதே காலையில் பத்துக் கேள்விகள் கொண்ட படிவம்.

பார்க்கும் புரதங்களில் முக்கியமானது சி.ஆர்.பி. ஈரலில் உண்டாவது. காய்ச்சல், சீழ், காயம், எது வந்தாலும் சட்டென்று ஏறும், ஆறியதும் இறங்கும். கொஞ்சமாக ஏறி, இறங்காமலே மாதக்கணக்கில் நிற்குமானால் இதயத்துக்கு நல்லதல்ல.

இன்று மூன்று குழுக்களின் முடிவும் முதல்முறையாக ஒரே தாளில். முதல் இரண்டு குழுக்களிலும் படிவமும் இரத்தமும் ஏறத்தாழ ஒரே திசை. பெரியதாழையில் மட்டும் தலைகீழ். படிவத்தின்படி அவ்வூர்ப் பெண்களுக்குப் பயமில்லை, கவலையில்லை, தூக்கம் கெடுவதில்லை. பத்துக்கும் "இல்லை". இவ்வளவு நிம்மதியான ஊர் உண்டென்றால் பணி ஓய்வுக்குப்பின் நான் அங்கேதான் வீடு கட்ட வேண்டும். இரத்தமோ மூன்று குழுக்களில் மிக மோசம்.

பே. தாளை எட்டிப் பார்த்தாள். "சார், ஊசி குத்தும்போது கையெல்லாம் வேர்த்துக் கெடக்கும். வாயி மட்டும் 'ஒண்ணுமில்ல'ங்கும். நான் அன்னைக்கே சொன்னம்லா."

சொன்னாள். பதிவேட்டில் எழுத இடமில்லாததால் நான் எழுதவில்லை.

விதி 9: ஒரு குழுவில் பாதிக்கு மேற்பட்டோரின் படிவமும் இரத்தமும் முரண்பட்டால், அக்குழுவின் தரவு முழுவதும் விலக்கப்படும். இதை எழுதியவனும் நானே. விலக்கினால் அடுத்த கட்டம் பெரியதாழைக்கு இல்லை. அடுத்த கட்டம் என்பது ஓராண்டு முழுக்க மாதம் ஒருமுறை மருத்துவர் ஊருக்கே வருவது, இ.சி.ஜி., இரத்த அழுத்தம், மருந்து. அந்த ஊருக்கு அது வேண்டும். எண் 17க்கு மிகவும் வேண்டும். அவருடைய அளவுதான் எல்லாவற்றிலும் உயரம்.

அறிக்கை டாக்டருக்குப் போகவேண்டிய நாள்: அடுத்த திங்கள்.

மறக்கக் கூடாதவை: ஃப்ரீசர் அலாரம் பேட்டரி. மூக்குக்கண்ணாடியின் காதுத் திருகு. ஞாயிறு ஆராதனையில் வேதபாடம் வாசிக்கும் முறை என்னுடையது.


ஜூலை 8, செவ்வாய்

பிழை என்னுடையதாக இருக்கலாம். அப்படியிருந்தால் நல்லது, திருத்திவிடலாம். பார்த்தவை:

ஐஸ் பெட்டியின் வெப்பநிலைத் தாள். சரி.
இரத்தம் எடுத்ததற்கும் சென்ட்ரிஃபியூஜில் சுற்றியதற்கும் இடைப்பட்ட நேரம். சரி.
காய்ச்சல், பல் வீக்கம், மீன்முள் குத்திய காயம் உள்ளவர்களை முன்பே விலக்கியது. சரி.
டியூப் எண்களும் படிவ எண்களும். ஒவ்வொன்றாக, பே. வாசிக்க நான் டிக் அடித்தேன். சரி.

பிறகு எண்பத்திநான்கு சீரத்தையும் (இரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீர்) புதிய ஆய்வுத் தட்டில் மறுபடி ஓட்டினேன். மாலை நான்கரைக்கு முடிவு. அதே அளவுகள்.

"மெசினு பொய் சொல்லாது சார்."

"மெஷினும் பொய் சொல்லும், பேச்சி. அதற்காகத்தான் இரண்டாம் முறை."

"ரெண்டாவதும் அதத்தான சொல்லுது? பெறவு என்ன, பேப்பருதான் பொய்யி."

டாக்டருக்குத் தொலைபேசி. பொறுமையாகக் கேட்டார். "விதி உங்களுடையது, எபனேசர் சார். மற்ற ஊர்களில் நாம் அதைப் பயன்படுத்தியிருக்கிறோம்" என்றார். உண்மை. சென்ற ஆண்டு வேறொரு குழுவை இதே விதியால் நான்தான் விலக்கினேன். அப்போது எனக்கு அது கடினமாக இல்லை. அந்தக் குழுவில் யாருடைய கையையும் நான் பார்த்ததில்லை என்பது இப்போது தோன்றுகிறது.

நாளை பெரியதாழை. ஐந்து பேரிடம் படிவத்தைச் சரிபார்க்க விதி 6 அனுமதிக்கிறது.

இரவுச் சாப்பாட்டில் மனைவி கிரேஸ்: "என்ன, தட்டுல கோடு போட்டுட்டு இருக்கீங்க?" ரசத்தில் விரலால் இரண்டு பத்திகள் பிரித்திருந்தேன்.


ஜூலை 9, புதன்

5.20க்கு வேன். திருச்செந்தூருக்குப் பிறகு காற்றில் மணல். 7.30க்கு ஊர். வள்ளங்கள் எல்லாம் கடலில். கரையில் பெண்களும் நாய்களும் காகங்களும்.

ஐந்து பேரையும் மாதா கோயில் பக்கத்துக் கூடத்தில் பார்த்தோம். ஐவரும் முன்பு சொன்னதையே சொன்னார்கள்; ஒரு சொல் மாறவில்லை. ஒரு வகையில் பாராட்டத்தக்க ஒழுங்கு.

எண் 17ஐப் பே. பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள். ரெஜினா. நாற்பத்தைந்து வயது. இந்த நோட்டில் நானும் அப்படியே எழுதுகிறேன். பதிவேடு அல்லவே.

ஐந்தாம் கேள்வி: கடந்த ஒரு மாதத்தில், ஏதேனும் கெட்டது நடந்துவிடும் என்ற பயம் எத்தனை முறை வந்தது?

"பயமா? எனக்கா? இல்லன்னு போடுங்க சார்."

"யோசித்துச் சொல்லலாம்."

"யோசிக்கவே வேண்டாம். இல்ல. எங்களுக்கு என்ன சார் கொற? நல்லா இருக்கோம்."

சொல்லிக்கொண்டே முந்தானை நுனியை விரலில் சுற்றி, இறுக்கி, அவிழ்த்து, மறுபடி சுற்றினார். விரல் நுனி வெளுத்துப்போயிற்று. இதைக் குறிக்கப் படிவத்தில் கட்டம் இல்லை. "இல்லை" என்று போட்டேன்.

10.45க்கு வேனில் சாமான் ஏற்றினோம். கரையில் சத்தம். முதல் வள்ளங்கள் வந்துகொண்டிருந்தன. பே. டீ குடிக்கப் போனாள். நான் ஐஸ் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். ரெஜினா ஓட்டமும் நடையுமாக வந்தார், பாவாடை முழங்கால்வரை நனைந்து, கையில் சாளை மீன் நிறைந்த சட்டி.

"சார், அந்த அஞ்சாங் கேள்விய இப்பம் கேளுங்க."

புரியவில்லை. படிவம் முடிந்துவிட்டதே என்றேன்.

"முடிஞ்சா என்ன? கேளுங்க. அவுக கரையேறிட்டாவ."

நான் கேட்கவில்லை, விதிப்படி கேட்க முடியாது. அவர் காத்திருக்கவுமில்லை. வேன் படியில் உட்கார்ந்து சொல்லத் தொடங்கினார். தினமும். விடியற்காலை மூன்று மணிக்கு வள்ளம் தள்ளியதிலிருந்து கரையில் தலை தெரியும்வரை. சோறு இறங்காது. சென்ற ஐப்பசியில் ஒரு நாள் கணவர் ராத்திரி முழுக்க வரவில்லை. அன்றிலிருந்து நெஞ்சுக்குள் ஒரு அடி, விட்டு விட்டு. பக்கத்து வீட்டுக்காரிக்கும் அப்படித்தான். அவள் மகளுக்கும்.

"காலையில் ஏன் சொல்லவில்லை?"

என்னைப் பார்த்த பார்வை, ஒன்றும் தெரியாதவனைப் பார்ப்பது. "ஆளு கடல்ல கெடக்கும்போது அத வாயால சொல்லப்புடாது சார். பயமா இருக்குன்னு சொன்னா அது வந்துரும். எங்கம்மா சொல்ல மாட்டா, நானும் சொல்ல மாட்டேன். எவ சொல்லுவா? நீங்க என்னன்னா காலங்காத்தால பேப்பரத் தூக்கிட்டு வந்து பயமா, பயமான்னு கேக்கிய."

டீ டம்ளருடன் வந்த பே. இடையில் புகுந்தாள்: "பங்குச் சாமியார்ட்ட சொன்னா வைய மாட்டாராக்கா?"

"வைவாரு. மூடநம்பிக்கைம்பாரு. அவருக்கென்ன ஏளா, அவரு பொண்டாட்டியா கடலுக்குப் போயிருக்கா?"

பே. டீயைச் சிந்தினாள். நான் சிரித்ததைப் பதிவேட்டில் எழுதவில்லை.

திரும்பும் வழியில் இரண்டு மாதத் தேதிகளையும் மனத்துக்குள் புரட்டினேன். வெறும் வயிறு என்பதால் விடிகாலை. விடிகாலை என்பதால் வள்ளங்கள் கடலில். நாற்பத்திரண்டு பேர், இருமுறை, எண்பத்திநான்கு படிவங்கள். ஒன்றுகூட ஆண்கள் கரையில் இருக்கும்போது நிரப்பப்படவில்லை. நேரம் குறிக்க ஒரு பத்தி வைத்திருந்தேன். நிமிடம் வரை.


ஜூலை 10, வியாழன்

காற்று குறைவு. தண்ணீர் லாரி வரவில்லை. ஆய்வகத்தில் கேன் தண்ணீர்.

9.40 டாக்டரிடம் எல்லாம் சொன்னேன். தேதிகளை ஒருமுறை திருப்பிக் கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு:

"எபனேசர் சார், நமக்குப் பிடித்த பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருந்தால் அதற்குப் பெயர் ஆய்வா?"

இந்தக் கேள்வியை வேறு யாரேனும் என்னிடம் கொண்டுவந்திருந்தால் நானும் இதையேதான் கேட்டிருப்பேன். பதில் சொல்ல ஒரு மணி நேரம் வாங்கிக்கொண்டேன்.

அந்த ஒரு மணி நேரத்தில் நினைவுக்கு வந்தது வேறு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் கிரேஸின் கழுத்தில் ஒரு கட்டி. சதைத் துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு வரும்வரை பதினொரு நாட்கள். அந்த நோயின் பெயரை நான் வீட்டில் ஒருமுறைகூட உச்சரிக்கவில்லை. தினமும் அந்தப் பெயரை எழுதிய அறிக்கைகளில் கையெழுத்திடுபவன் நான். அலுவலகத்தில் யாரேனும் "வீட்டில் எல்லாரும் நலமா?" என்றால் "நலம்" என்றேன். (ஒன்றுமில்லாத கட்டி. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.) அந்த நாட்களில் ஒருவர் படிவத்தோடு வந்திருந்தால் நான் என்ன எழுதியிருப்பேன் என்பது எனக்குத் தெரியும். மூடநம்பிக்கை என்ற சொல்லை இனி இந்த விஷயத்தில் நான் பயன்படுத்த முடியாது.

10.50க்கு மறுபடி டாக்டர். நான் முன்வைத்தது: நாற்பத்திரண்டு பேரிடமும், வள்ளம் ஒன்றுகூடக் கடலுக்குப் போகாத ஞாயிறன்று, அதே பத்துக் கேள்விகள், அதே சொற்களில். கேட்பவர்களுக்கு இரத்த முடிவுகள் தெரிந்திருக்கக் கூடாது. நானும் பே.யும் கூடத்துக்குள் நுழையக் கூடாது. படிவங்கள் என் கைக்கு வராமல் நேரே மதுரைக்கு. ஞாயிறும் பொருந்தாவிட்டால் விதி 9 அப்படியே; நான் மறுபேச்சுப் பேசமாட்டேன்.

"மற்ற இரு குழுக்கள்?"

"அவர்களிடமும் விடுமுறை நாளில் மறுபடி கேட்க வேண்டும். ஒரு குழுவுக்கு மட்டும் சலுகை கூடாது."

"சரி. ஆனால் நெறிமுறைக் குழுவின் கடிதம் வராமல் வேன் கிளம்பக் கூடாது."

கிளம்பாது என்றேன். இதை எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.


ஜூலை 11, வெள்ளி

கேட்பவர்கள்: கிரேஸ் (பெண்கள் பள்ளியில் புவியியல்), அவள் பள்ளியின் இரண்டு ஆசிரியைகள். டாக்டர் ஒப்புக்கொண்டார். மாலை அவரே தொலைபேசியில் ஒன்றரை மணி நேரம் பயிற்சி. நான் வெளியே.

பிறகு இரகசியக்காப்பு உறுதிமொழியில் மூவரிடமும் கையெழுத்து வாங்கினேன். கிரேஸ் ஒவ்வொரு பத்தியையும் வாசித்த பிறகே போட்டாள்.

"அப்போ நான் கேட்டதை உங்கட்டகூட சொல்லப்படாது?"

"என்னிடம்தான் முக்கியமாகச் சொல்லக் கூடாது."

"இருபத்துமூணு வருசத்துல முதல் தடவையா உங்ககிட்ட ஒண்ணை மறைக்க உங்ககிட்டயே கையெழுத்துப் போட்டுத் தாரேன்." மற்ற இருவரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

வேதபாடத்துக்கு மாற்று ஆள் சொல்லியாயிற்று. போதகர்: "எபனேசர், நீங்க வராத ஞாயிறா!" கண்ணாடித் திருகு இன்னும் போடவில்லை.


ஜூலை 12, சனி

கடிதம் வரவில்லை. 11 மணி, இல்லை. 1 மணி, இல்லை. பே. வேன்காரரிடம் மூன்று முறை "இருங்க அண்ணாச்சி, சொல்லுதேன்" என்று சொல்லிவிட்டாள்.

"சார், போயிட்டு வந்துருவோம். கடுதாசி திங்கக்கெழம வந்துரும்லா?"

"வராவிட்டால்?"

"அதுவும் சரிதான்" என்று ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு சுவரைப் பார்த்து: "அந்த ரெஜினாக்காவுக்கு நெஞ்சு அடிக்குன்னு சொன்னது மனசுலயே நிக்குது சார்."

எனக்கும்.

4.40க்குக் கடிதம். இரண்டு முறை வாசித்தேன். எல்லா நிபந்தனையும் நாங்கள் கேட்டபடியே. பே. நான் சொல்லாமலே வேன்காரரை அழைத்தாள்.


ஜூலை 13, ஞாயிறு

தெளிவான வானம். முதல் பூசை முடிந்த பின் தொடக்கம், 8.10. வள்ளங்கள் எல்லாம் மணலில், வரிசையாக. நான் எண்ணவில்லை; எண்ணுவது என் வேலையில்லை இன்று.

கூடத்திலிருந்து ஐம்பதடி தள்ளி, வலைக் கொட்டகை நிழலில் எனக்கும் பே.க்கும் நாற்காலி. உள்ளே முணுமுணுப்பு மட்டும். ஒருமுறை பலத்த சிரிப்பு. ஒரு பெண் வெளியே வந்து, குழாயில் முகம் கழுவி, மறுபடி உள்ளே போனார்.

கொட்டகையில் ஆண்கள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் என்னருகே வந்து குந்தினார். அந்தோணி, ரெஜினாவின் கணவர். கறுத்து, மெலிந்து, கையில் தூண்டில் நரம்பு அறுத்த தழும்புகள்.

"சார், உள்ள எங்களப் பத்தித்தான பேசுதாளுவ?"

"எனக்குத் தெரியாது. தெரியவும் கூடாது."

"எங்களுக்கும் அப்படித்தான் சார். இருபத்தஞ்சு வருசமா."

சீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். அந்தோணி சிரிக்கவில்லை. சற்று நேரம் கழித்து, குரலைத் தாழ்த்தி: "அவளுக்கு உடம்புக்கு என்னமும் இருக்கா சார்? ராத்திரில எந்திரிச்சு உக்காந்திருப்பா. கேட்டா வெக்கையா இருக்குங்கா. கச்சான் அடிக்குற மாசத்துல என்ன வெக்க?"

முடிவை முதலில் அவரிடம்தான் சொல்ல வேண்டும், அவர் அனுமதித்தால் உங்களிடமும் சொல்வேன் என்றேன். தலையாட்டினார். ஆட்டத்துக்குத் திரும்பிப் போகவில்லை. கூடத்து வாசலையே பார்த்துக்கொண்டு இருந்தார்.

12.05க்கு முடிந்தது. கிரேஸ் உறையை ஒட்டி, கையெழுத்திட்டு, படிவங்களின் படங்களைக் கைபேசியில் ஏற்கெனவே மதுரைக்கு அனுப்பியாயிற்று என்றாள். கண்கள் சிவந்திருந்தன. காரணம் கேட்க எனக்கு விதி இல்லை. வேன் திருச்செந்தூர் தாண்டியது.

பிறகு அவளே: "இது படிவத்துல இல்ல, அதனால சொல்லலாம். எல்லாரும் வந்து உக்காந்த பிறகும் பத்து நிமிசம் ஒருத்தியும் வாய் திறக்கல. ஒரு பொம்பள எந்திரிச்சு வாசல்ல போய் நின்னா. வள்ளத்தை ஒவ்வொண்ணா விரல் நீட்டி எண்ணுனா. திரும்பி வந்து, 'ஏளா, எல்லாம் கரையிலதான் கெடக்கு. இனி சொல்லலாம்'னா. அப்புறம் எங்களுக்குப் பேனா ஓடல."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.


ஜூலை 14, திங்கள்

காற்று மிதம். கடல் எச்சரிக்கை எதுவும் இல்லை, பார்த்துவிட்டேன்.

9.20 டாக்டர். இம்முறை படிவமும் இரத்தமும் பெரும்பாலோரிடம் ஒரே திசை. எல்லோரிடமும் அல்ல. ஆறேழு பேர் ஞாயிறன்றும் "இல்லை" என்றே சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் இரத்த அளவோ உயரத்தில்தான். இதற்குக் காரணம் தெரியாது. தெரியாது என்றே அறிக்கையில் எழுதுவோம். மனஅழுத்தம்தான் புரதத்தை ஏற்றியது என்றும் எழுதமாட்டோம். இரண்டும் சேர்ந்தே நிற்கின்றன என்பதுவரை எழுதலாம்.

பெரியதாழை விலக்கப்படாது; மற்ற இரு குழுக்களிடமும் அடுத்த விடுமுறை நாளில் கேட்போம். அடுத்த கட்டம் அங்கே. முதல் மருத்துவர் வருகை ஆகஸ்டில். டாக்டரின் குரலில் சிரிப்பு: "ஞாயிற்றுக்கிழமை வைப்போமா சார்?" பே. கதவருகே நின்று ஒட்டுக்கேட்டிருக்கிறாள். "ஆமா" என்று அவளே சொன்னாள், தொலைபேசிக்குக் கேட்கும்படி.

இரண்டாம் தட்டின் முடிவுகளில் டாக்டர் கையெழுத்திட்டாயிற்று. வரம்புக்கு மேல் உள்ளவர்களுக்கு அன்றே, அலுவலக நேரத்தில் சொல்ல வேண்டும் என்பது விதி 14. பட்டியலில் முதல் பெயர் ரெஜினா. இதய மருத்துவரிடம் வெள்ளிக்கிழமைக்கு இடம் வாங்கிவிட்டேன். இப்போது பிடித்துவிட்டால் மருந்தில் அடங்கக்கூடியதே என்றார் அவர். இதையும் ரெஜினாவிடம் சொல்ல வேண்டும், முதலில் இதையே.

இப்போது மணி 9.50.

இனி நான் செய்யப்போவது: விதி 9ஐ அடித்து, படிவமும் இரத்தமும் முரண்பட்டால் முதலில் கேட்ட நாளையும் நேரத்தையும், கேட்டவனையும் ஆராய வேண்டும் என்று எழுதி டாக்டரின் ஒப்புதலுக்கு அனுப்புவேன். சென்ற ஆண்டு விலக்கிய குழுவின் கோப்பை இந்த வாரமே திறப்பேன். பதினொன்றரைக்கு ரெஜினாவை அழைப்பேன். அந்தோணி கரையேறிவிட்டாரா என்று முதலில் கேட்பேன். இல்லை என்றால், சும்மாதான் அழைத்தேன் என்று சொல்லி வைத்துவிட்டு, அரை மணி கழித்து மறுபடி அழைப்பேன்.